தனி ராசாவும் ஒரு சோடா மூடியும்

என் ராசா பலகையின் நடுவில் தன்னந்தனியாக நின்றார். ராணி போய்விட்டார். கோட்டைகள் இரண்டும் இடிந்துவிட்டன. சிப்பாய்கள் எல்லோரும் எதிர்ப்பக்கத்தில், தேத்தண்ணிக் கோப்பைக்கு அருகே, வரிசையாகப் படுத்திருந்தார்கள்.

எனக்கு எதிரே பிலோமினா அக்கா இருந்தார். அவரிடம் ஒரு ராசா, ஒரு மந்திரி, ஒரு குதிரை. குதிரை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அந்தப் பலகையின் குதிரை ஒன்று எப்போதோ தொலைந்துபோய்விட்டது. அதற்குப் பதிலாக நயினாதீவு வாசிகசாலைக்காரர் ஒரு சோடா மூடியை வைத்திருந்தார்கள்.

"சமன்தானே அக்கா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

அவர் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏன் தம்பி? இன்னும் எல்லாம் நிக்குதே."

எல்லாமாம்! ஒரு மந்திரியும் ஒரு சோடா மூடியும். எனக்கு இன்னும் சிரிப்பு வந்தது. அன்று பின்னேரம் நான் சிரித்த கடைசிச் சிரிப்பு அது.

போன கிழமை இதே பத்தியில் எழுதிய கிணற்றடிப் பாம்புக் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "அது பாம்பில்லை, தண்ணி அள்ளுகிற கயிறுதான் என்று தெரிந்த பிறகும் ஏன் ஓடினீர்?" நியாயமான கேள்வி. ஓடத் தொடங்கினால் எனக்கு நிற்கத் தெரியாது. இந்தக் கிழமையும் அதே ஓட்டம்தான். ஆனால் இம்முறை கதிரையில் இருந்தபடியே ஓடினேன்.

சங்கு ஊதினால் சமன்

எண்பதுகளின் நடுப்பகுதி. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தோடு கொழும்பிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போவதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்த காலம். இறுப்பிட்டியில் எங்கள் வாசிகசாலையில் ஒரு பேப்பர், ஒரு கரம் போட், ஒரு செஸ் பலகை இருந்தன. பேப்பரைப் பெரிய ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். கரம் போட்டைப் பலசாலிகள் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு மிஞ்சியது செஸ். அப்படித்தான் நான் சதுரங்க வீரன் ஆனேன். திறமையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

தீவுப்பகுதி வாசிகசாலைகளுக்குள் வருசம் ஒரு போட்டி நடக்கும். அணிக்கு நாலு பேர். கடைசி ஆட்டம் எப்போதும் இரண்டு அணிக்கும் சொந்தமில்லாத மூன்றாவது தீவில். சொந்த ஊரில் வைத்தால் பார்க்க வருகிறவர்கள் காய்களை விட அதிகமாக நகர்வார்கள் என்பதால் அந்த ஏற்பாடு. அந்த வருசம் புங்குடுதீவிலிருந்து நாங்கள், ஊர்காவற்றுறையிலிருந்து அவர்கள். இடம் நயினாதீவு.

மூன்றாவது தீவு என்றால் இரண்டு அணியும் ஒரே மோட்டர் லோஞ்சியில் போய், ஒரே லோஞ்சியில் திரும்ப வேண்டும். பொழுதுபடுவதற்குள் குறிகட்டுவான் துறைக்கு வந்துவிட வேண்டும். இருட்டில் கடலில் நிற்கும் நேவிக்காரருக்குப் பகிடி விளங்காது.

எங்களிடம் செஸ் மணிக்கூடு கிடையாது. லோஞ்சிதான் மணிக்கூடு. அதை ஓட்டுகிற கந்தையா அண்ணையிடம் ஒரு கடற்சங்கு இருந்தது. கடைசிப் பயணத்துக்கு அவர் சங்கை ஊதினால் பலகையை மூட வேண்டும். முடியாத ஆட்டம் சமன். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதுமில்லை. கடல் தாண்டி விளையாடப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல சட்டம் இருக்க முடியாது.

அன்று பின்னேரம் மூன்று பலகைகள் முடிந்திருந்தன. ஒன்று எங்களுக்கு, ஒன்று அவர்களுக்கு, ஒன்று சமன். மிச்சம் என் பலகை. அதுவும் சமன் என்றால் மொத்தமும் சமன். மொத்தமும் சமன் என்றால் போன வருசம் வென்ற எங்களுக்கே கேடயம், அடுத்த மாதம் யாழ்ப்பாண ரவுணில், அதாவது பட்டணத்தில், நடக்கிற பெரிய போட்டிக்குப் போவதும் நாங்களே.

ஆகவே நான் வெல்லத் தேவையில்லை. சங்கு ஊதும்வரை செத்துப்போகாமல் இருந்தால் போதும். அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் ஏழு தீவிலும் இல்லை.

நாலாவது ஆள்

பிலோமினா அக்கா அந்த அணிக்குள் வந்தது தற்செயல். அவர்களுடைய நாலாவது ஆள் அந்தக் கிழமைதான் ஜேர்மனிக்கு ஏறிவிட்டார். அணித்தலைவர் மரியநாயகம் அண்ணை ஆள் தேடி அலைந்து, கடைசியில் தன் மனைவியையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மரியநாயகம் அண்ணைக்குச் சொந்தமாக ஒரு வள்ளம், வலைகள், உரத்த குரல். பிலோமினா அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பூப்போட்ட சேலை, கையில் ஒரு பிரம்புக் கூடை. கூடைக்குள் ஆறு பேருக்குக் கட்டிய சோறு.

காலையில் லோஞ்சியில் எல்லோரும் ஒன்றாகத்தான் போனோம். சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய அணியில் மற்ற இரண்டு பேரும் மரியநாயகம் அண்ணையை மூலைக்குக் கொண்டுபோய்க் கதைத்தார்கள். காற்று அந்தக் கதையை நேரே என் காதுக்குள் கொண்டுவந்து போட்டது.

"அண்ணை, இண்டைக்கு ஆளில்லை எண்டபடியால் சரி. அக்கா வெண்டா எண்டால் ரவுணுக்கும் வரட்டும். தோத்தாலும் சமன் எண்டாலும் நாங்கள் வேற ஆளைப் பாப்பம். பிறகு குறை நினைக்கக் கூடாது."

"எனக்கென்ன குறை? அவவுக்குச் சொல்லுங்கோவன்."

"நீங்கள்தானே புருசன்!"

"அதாலதான் உங்களைச் சொல்லச் சொல்லுறன்."

சொல்லத் தேவை இருக்கவில்லை. அக்காவுக்கும் காது இருந்தது. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குத்தான் வாய் சும்மா இராதே.

"அக்கா, நாங்கள் ரெண்டு பேரும் சமனா முடிப்பம். ஒருத்தருக்கும் சண்டை இல்லை."

"சமன் எண்டால் எனக்கு ரவுண் இல்லைத் தம்பி."

"ரவுணில என்ன இருக்கு? வெயில்தான் இருக்கு."

"அங்க ஆரோ ஒரு ஆள் என்ர முன்னால இருந்து, முதலில இருந்து கடைசி மட்டும் முழு ஆட்டம் ஆடுவார். அது இருக்கு."

எனக்கு விளங்கவில்லை. முழு ஆட்டம் ஆடாமல் அரை ஆட்டமா ஆடுவார்கள்? கேட்க நினைத்தேன். அந்த நேரம் ஒரு அலை வந்து என் இடுப்புச் சாரத்தை நனைத்தது. நான் "ஐயோ" என்று கத்தினேன். கதை அதோடு போய்விட்டது.

பதகளிப்பின் வரலாறு

என் ராசா எப்படித் தனியன் ஆனார் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நான் எப்படிப்பட்டவன் என்பதையும்.

அப்போது நான் சங்கக்கடையில் மாவும் சீனியும் நிறுத்துக்கொண்டிருந்தேன். ஆமியின் ஹெலிகொப்டர், எங்கள் வாயில் ஹெலி, வருகிற சத்தம் கேட்டால் சனம் வானத்தைப் பார்க்கும். நான் பார்ப்பதில்லை. நேரே மா மூட்டைகளுக்கு நடுவில் பாய்ந்துவிடுவேன். ஒருமுறை தலை முதல் கால் வரை வெள்ளை மாவோடு வெளியே வந்தபோது என்னைக் கண்டு ஒரு கிழவர் மயங்கி விழுந்தார். ஹெலிக்குப் பயப்படாத மனிதர், பாவம்.

பலகையிலும் அதே குணம். முந்தின வருசம் வாசிகசாலையில் எனக்கு ராணி இருந்தது, எதிராளிக்குத் தனி ராசா. இறுப்பிட்டி வழக்கப்படி அந்த இடத்தில் எல்லோரும் "முடிஞ்சுது" என்று சொல்லிச் சாரத்தை உதறிக்கொண்டு எழும்பிவிடுவார்கள். ஆனால் அந்தப் பிடிவாதக்காரன் எழும்பவில்லை. "மேற் ஆக்கிக் காட்டும்" என்றான். ராசாவைத் தப்ப ஒரு கட்டமும் இல்லாமல் மடக்கிக் காட்ட வேண்டுமாம்.

நான் "செக்" என்றேன். அவன் ஒரு கட்டம் நகர்ந்தான். "செக்" என்றேன். இன்னொரு கட்டம் நகர்ந்தான். கோழியைத் துரத்துவதுபோலப் பலகை முழுக்கத் துரத்தினேன். ராணி ஓடி ஓடிக் களைத்தது. கடைசியில் பதறிப் பதகளித்துப்போய், செக் சொல்லாமல் ஒரு இடத்தில் ராணியை வைத்துவிட்டேன். அவனுடைய ராசாவுக்குச் செக்கும் இல்லை, போவதற்கு ஒரு கட்டமும் இல்லை. சட்டப்படி ஆட்டம் சமன். ஸ்டேல்மேற் என்ற சொல்லை அன்றுதான் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் சந்தியில் என்னைக் கண்டவர்கள் எல்லாம் அதைச் சொல்லித்தான் நலம் விசாரித்தார்கள்.

இப்போது நயினாதீவுக்கு வருவோம்.

தொடக்கத்தில் அக்கா ஆடிய ஆட்டத்தைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்தது. ஓரத்துச் சிப்பாய்களைக் காரணமில்லாமல் தள்ளினார். கோட்டையை வெளியே கொண்டுவந்து உடனே இழந்தார். நான் பார்க்க நின்றவர்கள் பக்கம் திரும்பி ஒரு பகிடி விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தபோது சோடா மூடி என் ராசாவுக்குச் செக் வைத்துக்கொண்டு, அதே நேரம் என் ராணிக்கும் குறி வைத்து நின்றது.

உண்மையைச் சொல்கிறேன். அது குதிரை என்பதை நான் மறந்துபோனேன். மரத்தில் செதுக்கிய குதிரை என்றால் முகத்தைப் பார்த்தாவது ஞாபகம் வந்திருக்கும். சோடா மூடிக்கு முகம் ஏது?

ராணி போனதும் பதகளிப்பு வந்தது. பதகளிப்பு வந்ததும் எல்லாவற்றையும் மாற்றி மாற்றி வெட்டினேன். அவரும் மறுக்காமல் வெட்டினார். காய் குறையக் குறைய அவருடைய முகம் தெளிந்துகொண்டே வந்ததை நான் கவனிக்கவில்லை. கடைசியாக அவரிடம் ஒரு சிப்பாய் மிஞ்சியது. அது ஓடிப்போய்க் கடைசி வரிசையைத் தொட்டால் ராணியாகிவிடும். என்னுடைய கடைசிக் குதிரையைக் கொடுத்து அந்தச் சிப்பாயைத் தின்றேன்.

எங்கள் அணித்தலைவர் தில்லையர் என் முதுகில் தட்டினார். "கெட்டிக்காரன்ரா நீ! மந்திரியும் குதிரையும் மட்டும் வைச்சு மேற் ஆக்கேலாது."

இது தீவுப்பகுதி முழுவதும் ஏற்றுக்கொண்ட உண்மை. யாரும் செய்து பார்த்ததில்லை. ஆகவே உண்மை.

துரத்தாத கை

முதலில் எனக்கு விளங்காதது, அவர் செக் சொல்லாமல் இருந்தது.

நான் ராசாவை நகர்த்தினேன். அவர் தன் ராசாவை ஒரு கட்டம் முன்னால் வைத்தார். மறுபடி நகர்த்தினேன். அவருடைய ராசா இன்னொரு கட்டம் வந்தது. இது என்ன விளையாட்டு? ராசா என்றால் மூலையில் ஒளிந்திருக்க வேண்டிய ஆள் என்றுதான் நான் பழகியிருந்தேன். என் ராசாக்கள் எல்லோரும் என்னைப் போல, மா மூட்டைக்குப் பின்னால் இருக்கிறவர்கள். அக்காவின் ராசாவோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலைக்கு இறங்கிவிட்டார்.

மூன்று பேரும் சேர்ந்து வந்தார்கள். மந்திரி சாய்வாக ஒரு கோடு போட்டுப் பூட்டும். மூடி அந்தக் கோட்டில் விழுந்த ஓட்டைகளை அடைக்கும். ராசா மிச்சக் கட்டங்களை மிதித்துக்கொண்டு நிற்பார். என்னை ஒருவரும் துரத்தவில்லை. நான் போகலாம், வரலாம். ஆனால் ஒவ்வொரு தரம் போய் வரும்போதும் வீடு ஒரு அறை சிறியதாகி இருந்தது.

ஊர்காவற்றுறைப் பக்கம் ஆழமில்லாத கடலில் சிறகுவலை கட்டியிருப்பார்கள். தடிகளை நட்டு, வலையை இரண்டு சிறகுபோல விரித்து, நடுவில் ஒரு கூடு. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதைப் பார்த்து, ஒருவரும் துரத்தாமல் மீன் ஏன் தானாகப் போய் உள்ளே விழுகிறது என்று யோசித்திருக்கிறேன். அன்று அந்த மீனிடமிருந்தே நேரடியாகப் பதில் கிடைத்தது. மீன் நான்தான்.

நேரத்தை ஓட்டத் தொடங்கினேன். ஒரு தேத்தண்ணி கேட்டேன். சூடு என்று ஆறவைத்தேன். ஆறிவிட்டது என்று சூடாக்கக் கொடுத்தேன். சாரத்தை அவிழ்த்துக் கட்டினேன். யன்னலுக்கு வெளியே துறைப்பக்கம் பார்த்தேன்.

பின்னால் நின்ற மரியநாயகம் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. "உவன் நேரத்தைக் கடத்துறான்! டேய், ஒரு ராசாவை நகர்த்த எவ்வளவு நேரமடா? கலியாணம் பேசுறியோ?"

"அண்ணை, இருக்கிறது ஒரு ஆள். ஆலோசனை கேக்க வேற ஆள் இல்லை. யோசிக்க விடுங்கோ."

அக்கா திரும்பிக் கணவனைப் பார்த்தார். "இஞ்சருங்கோ, அந்தத் தம்பியை விடுங்கோ. அவர் ஆறுதலா யோசிக்கட்டும். எனக்கு அவசரமும் இல்லை, அந்தரமும் இல்லை."

அந்தரம் இல்லையாம். வெயில் யன்னல் கம்பிகளின் நிழலைப் பலகை மேல் நீளமாக இழுத்துக்கொண்டிருந்தது. ரவுண் கைவிட்டுப் போகப்போகிறது. அந்தரப்பட வேண்டியவர் அவர்தான். ஆனால் வியர்த்தது எனக்கு.

கடைசியில் என் பக்கத்துக் கரைக்குத் தள்ளப்பட்டு, இடக்கை மூலைக்குள் போய் ஒடுங்கினேன். அந்தப் பலகையில் கட்டங்கள் வெள்ளையும் நீலமும். என் மூலை நீலம். அவருடைய மந்திரி வெள்ளைக் கட்டங்களில் மட்டும் நடக்கிற மந்திரி. நீல மூலையில் நிற்கிற என்னை அதனால் ஒருநாளும் தொட முடியாது. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஒரு துள்ளல் வந்தது. வந்த துள்ளலில் தேத்தண்ணி கொட்டுண்டது.

அக்காவுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. வெள்ளை மூலைக்கு என்னைக் கொண்டுபோக வேண்டும். அது என் வலக்கைப் பக்கம், யன்னலுக்கு அருகில். கரை முழுவதும் என்னைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போக வேண்டும்.

நடத்தத் தொடங்கினார். மூடி முன்னும் பின்னுமாகத் தையல் போடுவதுபோல் பாய்ந்தது. நான் கரையோரமாக நகர்ந்தேன். நடுவழியில் திடீரென ஒரு கதவு திறந்து கிடந்தது. கரையை விட்டு இறங்கி, நடுப்பலகைக்குப் போகிற வழி. எனக்கு மூச்சு வந்தது. பாய்ந்து இறங்கினேன்.

"ஓடிட்டான்!" என்று தில்லையர் கத்தினார்.

"பிலோமினா, விட்டிட்டியே!" என்று மரியநாயகம் அண்ணை தலையில் கை வைத்தார்.

அக்கா சோடா மூடியை எடுத்து என் ராசாவுக்குப் பக்கத்திலேயே, தோளோடு தோள் முட்ட வைத்தார். தின்னலாமோ என்று பார்த்தேன். பின்னால் அவருடைய ராசா காவல். சுற்றிக்கொண்டு போகலாமோ என்று பார்த்தேன். தூரத்திலிருந்து மந்திரி அந்த வழியைப் பூட்டியது. திறந்து கிடந்தது கதவு இல்லை. கூட்டின் வாய்.

என்னை மறுபடி கரைக்கு அனுப்பி வைத்தார். நான் வாயைத் திறந்தபடி இருந்தேன். அந்த நேரத்தில் எனக்குள் ஒரு விசர் எண்ணம் எழுந்ததை இப்போது நினைத்தாலும் வெட்கம்தான். கைதட்ட வேண்டும்போல இருந்தது.

யன்னலில் ஒரு மணிக்கூடு

வெள்ளை மூலை நெருங்கியது. சங்கு ஏன் இன்னும் ஊதவில்லை? பொழுது சாய்ந்துவிட்டதே. யன்னலைப் பார்த்தேன்.

யன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு கந்தையா அண்ணை நின்றார். மற்றக் கையில் சங்கு.

"அண்ணை! லோஞ்சி?"

"எல்லாரும் ஏறியாச்சு. நீங்கள்தான் மிச்சம். உங்களைக் கூப்பிட வந்தனான்."

"அப்ப ஊதுங்கோவன்!"

"எப்பன் நேரம் பொறு. மந்திரியும் குதிரையும் வைச்சு ஆரும் முடிச்சதை என்ர சீவியத்தில நான் காணேல்லை. அவ முடிக்கப்போறா போல கிடக்கு."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நான் நம்பியிருந்த மணிக்கூடு கம்பி வழியாக எட்டிப் பார்த்து எதிராளியை ரசித்துக்கொண்டிருக்கிறது!

தில்லையர் பாய்ந்தார். "இது அநியாயம்! பொழுதுபட்டால் நேவி நிக்கும். சங்கை ஊதும் கந்தையர்!"

"நீர் வாயைப் பொத்தும்" என்றார் மரியநாயகம் அண்ணை. இரண்டு பக்கமும் சத்தம் கூடியது. பார்க்க வந்தவர்கள் இருந்த வாங்கு ஒன்று விழுந்தது.

அக்கா தலையை நிமிர்த்தினார். அந்தப் பின்னேரம் முழுவதிலும் அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது அப்போதுதான்.

"கந்தையா அண்ணை, எனக்காக நிப்பாட்ட வேண்டாம். லோஞ்சியில பிள்ளைக்காரர் இருக்கினம். உங்கட நேரம் வந்திட்டுது எண்டால் ஊதுங்கோ. சங்கை ஒளிச்சு வைச்சு வெண்டது எண்டு ஒரு கதை எனக்கு வேண்டாம்."

விழுந்த வாங்கை ஒருவர் நிமிர்த்தி வைத்தார். கந்தையா அண்ணை கடல் பக்கம் திரும்பி வெளிச்சத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "நேரம் வந்திட்டுதுதான் தங்கச்சி" என்று சொல்லி, சங்கின் வாயைத் தோள் துண்டால் துடைக்கத் தொடங்கினார். அவ்வளவு சுத்தமாக ஒரு சங்கை யாரும் துடைத்து நான் பார்த்ததில்லை.

அக்கா பலகைக்குத் திரும்பினார். கை மந்திரிக்குப் போய், நின்று, திரும்பி வந்தது. எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிஞ்சியிருந்தது. அவசரத்தில் என்னை மூச்சுவிட முடியாமல் அடைத்துவிட்டால் ஸ்டேல்மேற். நான் செய்த அதே மோட்டுத்தனம். கடவுளே, இவவுக்கும் அந்தப் புத்தியைக் கொடு என்று நயினாதீவு அம்மனை வேண்டினேன்.

அவர் அவசரப்படவில்லை. மந்திரியை ஒரு கட்டம் சும்மா நகர்த்தினார். ஒன்றுமே செய்யாத நகர்வு. "ஐயோ, நேரத்தை வீணாக்கிறாவே!" என்று மரியநாயகம் அண்ணை முனகினார். ஆனால் முறை என்னிடம் வந்துவிட்டது. மூலையில் நின்ற எனக்கு நகர ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அந்தக் கட்டம் அவருக்குத் தேவையான கட்டம். மூலைக்குப் பக்கத்தில் வந்து நின்றேன்.

சோடா மூடி பலகையின் ஓரத்தில் 'டிக்' என்று குந்தியது.

"செக்" என்றார் அக்கா, மெதுவாக.

இப்போது எனக்கு ஒரே ஒரு வழி. திரும்பவும் அந்த வெள்ளை மூலை. அங்கே போனால் அடுத்த நகர்வில் கதை முடியும். போகாமல் இருந்தால்? சங்கு வாய்க்குப் போய்விட்டது. கந்தையா அண்ணையின் கன்னம் ஊதத் தொடங்கிவிட்டது. நான் கொஞ்சம் தும்மினால் போதும். சாரத்தைச் சரிசெய்தால் போதும். கேடயம் எங்களுக்கு.

"தும்மடா" என்று தில்லையர் என் காதுக்குள் சொன்னார்.

என் கை ராசாவின் தலைமேல் இருந்தது. எனக்கு எதிரே அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, சங்கைப் பார்க்கவில்லை. அந்த வெள்ளை மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், வீட்டு வாசலில் ஆள் வருகிறதா என்று பார்ப்பதுபோல. எத்தனையோ வருசம் செஸ் ஆடியிருக்கிறேன். தனி ராசாவுக்கு உண்மையில் மேற் விழுவதை ஒருநாளும் கண்டதில்லை. எல்லாவற்றையும் "முடிஞ்சுது" என்று எழும்பிப் போய்விட்டோமே. இதுவும் இப்படியே போய்விட்டால்?

பயத்தைவிட ஆசை பெரிதாக வந்தது என் வாழ்க்கையில் அந்த ஒருதரம்தான். ராசாவை மூலையில் வைத்தேன்.

அக்கா மந்திரியை எடுத்து நீளமான வெள்ளைச் சாய்வுக் கோட்டில் வைத்தார்.

"மேற்."

சங்கு ஊதியது.

வெண்டால் வெண்டு காட்டும்

துறைக்கு ஓடினோம். தில்லையர் என்னோடு கதைக்கவில்லை. கதைக்க ஒரு கிழமை எடுத்தது. லோஞ்சியில் காத்திருந்த சனம் எங்களைத் திட்டியது. கந்தையா அண்ணை கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "சும்மா இருங்கோ, உங்களுக்கு என்ன தெரியும்" என்று சனத்தைத் திட்டினார்.

கேடயத்தை உப்புத்தண்ணி படாமல் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மரியநாயகம் அண்ணை இருந்தார். காலையில் மூலையில் கதைத்த இரண்டு பேரும் அக்காவுக்கு அருகில் இடம் பிடித்திருந்தார்கள்.

"அக்கா, அடுத்த மாதம் ரவுணுக்கு என்ன நிறச் சீலை கட்டுறீங்கள்?" என்று ஒருவர் கேட்டார். அதுதான் அவருக்குத் தெரிந்த மன்னிப்பு.

நான் கேட்க நினைத்தது வேறு. "அக்கா, இதை எங்கை பழகினனீங்கள்?"

அவர் கணவனைக் கண்ணால் காட்டினார். "இவையள் வீட்டு விறாந்தையில ஒவ்வொரு நாளும் ஆடுவினம். ஒராளுக்குக் காய் கூடின உடனே 'முடிஞ்சுது' எண்டு எழும்பிக் கடலுக்குப் போயிடுவினம். பலகையை எடுத்து வைக்கிறது நான்தானே. எடுக்க முன்னம் பாப்பன். எங்கை முடிஞ்சது? ராசா உயிரோட நிக்கிறார். பிறகு ரெண்டு பக்கமும் நானே இருந்து முடிப்பன். அரிசி உலையில கிடக்கும்."

"எத்தினை வருசமா?"

"கலியாணம் முடிச்ச நாளில இருந்து."

மரியநாயகம் அண்ணை துவாயை இன்னும் இறுக்கிச் சுற்றினார். "எனக்கு ஒரு சொல் சொல்லேல்லையே இவ" என்றார்.

"நீங்கள் கேக்கேல்லையே." பிறகு என் பக்கம் திரும்பினார். "எனக்குத் தொடக்கம்தான் தெரியாது தம்பி. தொடங்கேக்கை ஒருத்தரும் என்னோட இருந்ததில்லை. ரவுணில வெக்கமாப் போயிடும்."

என்னிடம் ஆணி குத்திய காய்களோடு ஒரு கையடக்கப் பலகை இருந்தது. காற்றடித்தாலும் காய் விழாது. லோஞ்சியின் இயந்திரப் பெட்டி மேல் அதை வைத்தேன். அரை மணி நேரக் கடலில் அவருக்குத் தொடக்கம் காட்டினேன். எந்தச் சிப்பாயை முதலில் தள்ளுவது, குதிரையை எங்கே வைப்பது, ராசாவை எப்போது ஒளிப்பது. ராசாவை ஒளிப்பதில் எனக்கு நல்ல அனுபவம். பிறகு ஒரு ஆட்டம் ஆடினோம். தொடக்கத்தில் அவரை நன்றாக நொறுக்கினேன். என் பழைய வீரம் திரும்பி வந்தது. குறிகட்டுவான் துறை கண்ணுக்குத் தெரிந்தபோது எனக்கு ராணி இருந்தது. அவருக்குத் தனி ராசா.

"சரி அக்கா, முடிஞ்சுது" என்று சாரத்தை உதறிக்கொண்டு எழும்பினேன்.

"எங்கை போறீர்? இரும்."

"கரை வந்திட்டுது அக்கா."

"வரட்டும். நீர் வெண்டிட்டீர் எண்டால் வெண்டு காட்டும்."

கந்தையா அண்ணை கயிறு கட்டினார். சனம் இறங்கியது. கேடயம் இறங்கியது. பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். தில்லையர் கரையில் நின்று என்னைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் கூப்பிட்டார். வெறும் லோஞ்சியில், இயந்திரப் பெட்டிக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேர் மட்டும். எனக்கு மறுபடி வியர்த்துக்கொட்டியது.

"செக்" என்றேன்.

அவர் ஒரு கட்டம் நகர்ந்தார்.

"செக்" என்றேன்.